காக்கைக் குஞ்சுக்கு ஊசி கிடையாது

கால்நடை மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். மாடும் ஆடும் கோழியும்தான் வரும் என்று நினைத்திருப்பீர்கள். முதல் கோடை முடிவதற்குள் உங்கள் மேஜைக்கு ஒரு துண்டு முடிச்சு வந்து சேரும், பாருங்கள். அவிழ்த்தால் உள்ளே ஏதாவது ஒரு குஞ்சு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். மைனாவாக இருக்கலாம், தவிட்டுக்குருவியாக இருக்கலாம். கொண்டுவந்தவர் முகத்தில் புண்ணியம் செய்த களை வழியும். "தோட்டத்துல அநாதையாக் கெடந்துச்சு சார்" என்பார். அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன். மாட்டைப் பற்றிச் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

நான் முதல் தடவை செய்தது கொலை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில் வருசநாட்டுப் பக்கம் ஒரு கிளை நிலையத்தில் கால்நடை ஆய்வாளராக இருந்தேன். ஆய்வாளர் என்பதெல்லாம் தாளில்தான். ஊருக்கு நான் டாக்டர். எங்கள் நிலையத்து வேப்பமரத்தடியில் கிடந்தது என்று ஒரு அம்மா மைனாக் குஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தது. நம் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வந்தவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பக் கூடாது. மாட்டுக்கு ஒன்றுமில்லை, ஓட்டிக்கொண்டு போ என்று சொன்னால், மாட்டுக்கு ஒன்றுமில்லை என்று எவனும் எடுத்துக்கொள்ள மாட்டான். டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வான். அதனால் ஒரு பொட்டலப் பொடியாவது கொடுத்து அனுப்புவோம். நீங்களும் கொடுப்பீர்கள், மறுக்காதீர்கள்.

அந்தக் கை சும்மா இருக்குமா? குளுக்கோஸைக் கரைத்து, பேனாவுக்கு மை ஊற்றும் பில்லரில் எடுத்து, குஞ்சின் தலையை நிமிர்த்திப் பிடித்து ஊற்றினேன். மாட்டுக்கு மூங்கில் குழாயில் மருந்து ஊற்றும்போது தலையை ரொம்பத் தூக்காதே, இருமினால் நிறுத்து என்று ஊர் ஊராகப் பாடம் எடுத்தவன் நான். மூன்றாவது சொட்டில் குஞ்சு தும்மியது. நான் நிறுத்தவில்லை. தண்ணீர் மூச்சுக்குழலில் இறங்கி, என் உள்ளங்கையிலேயே அது செத்துப்போனது.

அதைவிட மோசம் அதற்குப் பிறகு நடந்தது. மண்வெட்டி எடுத்துவந்து புதைக்கலாம் என்று குஞ்சை வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் தாய் மைனா இறங்கிவந்து, செத்த குஞ்சின் அலகுக்குப் பக்கத்தில் ஒரு புழுவை நீட்டிக்கொண்டு நின்றது. நான் தொட்ட குஞ்சு அது, என் மருந்து வாடை அடிக்கிற குஞ்சு. அது ஒதுக்கவில்லை. வாயைத் திற, வாயைத் திற என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அநாதை என்று சொன்ன குஞ்சுக்கு அப்பனும் ஆத்தாளும் மரத்தின் மேலேயே இருந்திருக்கிறார்கள். நான் அண்ணாந்து பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஏழெட்டு வருடம் கழித்து வடுகபட்டிக்குப் பக்கத்தில் வேலை பார்த்தபோது நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். வைகாசி மாதம். ஒரு நாள் காலையில் பூண்டு மண்டி அண்ணாச்சி ஒருவர் தலையில் துண்டை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அவர் வீட்டில் ஒரு பசு உண்டு, அதனால் பழக்கம். பசுவுக்கு என்ன என்று கேட்டேன்.

"பசுவுக்கு ஒண்ணுமில்லய்யா. எனக்குத்தான். காக்கா தலையில கொத்திப்புடுச்சு. சனி பிடிச்சிருச்சுன்னு கோயில்ல எள்ளு வெளக்குப் போட்டுட்டு வந்து வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கல, மறுபடி கொத்துது."

சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்காரச் சொன்னேன். உட்கார்ந்த பிறகு அவர் சொன்னதில் சிரிக்க ஒன்றுமில்லை. அவர் மனைவி சீனியம்மாள் வீட்டுத் தோட்டத்தில் விழுந்து கிடந்த காக்கைக் குஞ்சு ஒன்றை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு நாளாக. அம்மாவுக்குச் சொந்த ஊர் கடமலைக்குண்டு. தம்பி கல்யாணப் பேச்சில் ஏதோ வார்த்தை தடித்து, மூன்று வருடமாகப் பிறந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. சித்திரையில் அப்பா திடீரென்று இறந்துபோனார். தகவல் வந்து பஸ் பிடித்துப் போய்ச் சேருவதற்குள் எடுத்துவிட்டார்கள். முகத்தைப் பார்க்கவில்லை.

"பதினாறாம் நாளு எலையில சோறு வச்சாக. அவ கையாலதான் வைக்கச் சொன்னாக. ஒரு காக்காகூட இறங்கலய்யா. மகமேல மனத்தாங்கலோடதான் போயிருக்காகன்னு சனம் பேசிருச்சு. அன்னியிலருந்து அவ அவளா இல்ல. இப்ப தோட்டத்துல காக்காக் குஞ்சு விழுந்தா என்ன நெனைப்பா சொல்லுங்க. அப்பாவே தேடி வந்துட்டாகன்னு உக்காந்திருக்கா. அதுவும் திங்க மாட்டேங்குது, இவளும் திங்க மாட்டேங்குறா."

பிறகு உதவியாளர் காதில் விழாமல் என் பக்கம் குனிந்தார். "ஒரு ஊசி போட்டுருங்க. நல்லாகுறதுக்குன்னு சொல்லிப் போடுங்க, அது பாட்டுக்குத் தூங்கிரும். அவ கையில கெடந்து இழுத்துக்கிட்டுச் செத்துச்சுன்னா அவ தாங்க மாட்டா."

கெட்ட மனுசர் இல்லை அவர். பெண்டாட்டிக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் காட்டவில்லை. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நீங்களும் இந்த வார்த்தையைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். குஞ்சைப் பார்க்கும் முன்னால் எவருக்கும் எதற்கும் தலையாட்டக் கூடாது.

சீனியம்மாள் பின்கட்டில் பூண்டு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. மடியில் ஒரு கூடை. கூடைக்குள் பழைய சேலையைச் சுருட்டி மெத்தை போட்டு, நடுவில் குஞ்சு. வெளியே தோட்டத்தில் இரண்டு காக்கைகள் ஓட்டின் மேல் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தன.

"வாங்க தம்பி. அவுகளுக்கு மூச்சு எரைக்கிது. ராத்திரி பூரா கண்ணு மூடல. என்னண்டு பாருங்க."

அவுக என்றது குஞ்சைத்தான். அண்ணாச்சி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

குஞ்சை எடுத்துப் பார்த்தேன். காக்கைக் குஞ்சுக்கே உரிய நீலக் கண், தெளிவாக இருந்தது. இறக்கை முழுதாக வளர்ந்திருந்தது, வால் மட்டும் கட்டை. என் ஆள்காட்டி விரலில் நிறுத்தினேன். நல்ல இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது. முறிவில்லை, பூனைப் பல் பட்ட காயமில்லை. வாய்க்குள் மட்டும் தயிர்ச்சோறு அடை அடையாக ஒட்டியிருந்தது. உச்சந்தலையிலும் இரண்டு பருக்கை காய்ந்து கிடந்தது. பஞ்சை விரலில் சுற்றி வாயைத் துடைத்துவிட்டதும் மூச்சு பாதி சரியாகிவிட்டது.

அதற்கு ஒரு நோயும் இல்லை. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் இறகே இல்லாமல் செக்கச்செவேல் என்று ஒரு குஞ்சு தரையில் கிடந்தால், அது விழுந்த குஞ்சு. கூடு எங்கே என்று தேடி அதிலேயே வைத்துவிட வேண்டும். அடிபட்டு ரத்தம் வந்தாலோ, பூனை கவ்வியிருந்தாலோ அது நம் கேஸ். இறகு முளைத்துத் தத்தித் தத்தி நடக்கிற குஞ்சு விழவில்லை, இறங்கியிருக்கிறது. பறக்கப் பழகும் வயதில் சில நாள் தரையிலும் செடியிலும்தான் இருக்கும். தாயும் தகப்பனும் அங்கேயே வந்து ஊட்டும். நாம் அதைக் காப்பாற்றுவதாக நினைத்து எடுத்து வருவது பிள்ளை பிடிக்கிற வேலை.

தெரிந்துவிட்டது, சரி. சொல்ல வேண்டுமே. அண்ணாச்சி என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பைக்குள் வைட்டமின் சொட்டு மருந்து இருந்தது. அதில் நாலு சொட்டைக் கொடுத்துவிட்டு வந்திருந்தால் என்னை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மறுநாள் குஞ்சு செத்திருக்கும். எங்களால் ஆனதைச் செய்தோம் என்று சொல்லியிருப்பேன். இந்தத் தொழிலில் அந்த வாக்கியத்தைப் போலச் சௌகரியமானது வேறு இல்லை.

"அக்கா, இதுக்கு மருந்து வேண்டாம். தோட்டத்துல கொண்டுபோய் விட்டுருவோம். அதோட ஆத்தா பாத்துக்கிரும்."

சீனியம்மாள் கூடையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டது.

"மனுசக் கை பட்டுருச்சு தம்பி. இனத்துல சேக்காது. கொத்திக் கொன்னுபோடும். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நம் பக்கத்தில் இதைக் கேட்காமல் வளர்ந்தவர் யார்? அதற்கு எதிராக என் கையில் இருந்த சாட்சி ஒரே ஒரு மைனா. மைனா வேறு, காக்கை வேறு. இருந்தாலும் அந்த மைனா கதையை மறைக்காமல் சொன்னேன், நான் கொன்றதையும் சேர்த்து. ஒரு டாக்டர் தான் கொன்றதைச் சொல்வதை அந்த அம்மா எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. குஞ்சை ஒரு தடவை தடவிவிட்டுக் கூடையை என்னிடம் நீட்டியது.

"என் அப்பனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்களத்தான் கேப்பேன்."

தோட்டத்தில் நெஞ்சு உயரத்தில் கிளை பிரிந்த கொய்யாமரம் ஒன்று இருந்தது. நான் குஞ்சோடு முன்னால் நடக்க, அண்ணாச்சி என் தலைக்கு மேல் ஒரு முறத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். முறத்தில் டொப்பு டொப்பென்று அடி விழுந்தது. கிளையில் குஞ்சை உட்காரவைத்துவிட்டு இருவரும் ஓடிவந்து சமையற்கட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டோம். கதவை ஒட்டி ஒரு மரக்கம்பி ஜன்னல். அதன் வழியாக மூன்று பேரும் பார்த்தோம். பூனை வந்தால் மட்டும் கதவைத் திறக்கலாம், காக்கை எது செய்தாலும் திறக்கக் கூடாது என்று சொல்லிவைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு காக்கை இருபதாயிற்று. மதில், ஓடு, கிணற்றடிக் கம்பி எல்லாம் காக்கை. அந்தக் கூச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. ஒரு காக்கை கொய்யாக் கிளையில் இறங்கி, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து குஞ்சை நெருங்கியது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு கொத்து. குஞ்சு கத்தியது. இன்னொரு கொத்து.

"கொத்துது, கொத்துது" என்று சீனியம்மாள் தாழ்ப்பாளுக்குப் பாய்ந்தது. நான் குறுக்கே நின்று தாழைப் பிடித்துக்கொண்டேன். என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்றி இழுத்தது அந்த அம்மா. நகம் இறங்கியது.

"விடுடா. என் அப்பன ரெண்டாந்தரமும் கொல்றியே. நீ நல்லா இருப்பியா?"

முப்பது வருட வேலையில் முட்டுகிற மாட்டைப் பிடித்திருக்கிறேன், வெறிநாயைக் கட்டியிருக்கிறேன். அந்தத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் கஷ்டமான வேலை. நான் தைரியமாக நின்றேன் என்று நினைக்காதீர்கள். நான் சொன்னது சரிதானா என்று அப்போது எனக்குத் தெரியாது. இது மட்டும் தெரியும்: கதவைத் திறந்தால் காக்கை பறந்துவிடும், குஞ்சு கூடைக்குத் திரும்பும், நாளைக்குத் தயிர்ச்சோற்றிலேயே மூச்சு முட்டும். திறக்காவிட்டால் பிழைக்க ஒரு வழி இருக்கிறது. அந்த ஒரு வழிக்காக வைதாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன். 

அண்ணாச்சிதான் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தார். "ஏய், இங்கன வா. அது கொத்தல. சோத்துப் பருக்கைய எடுக்குது. தலையில ஒட்டியிருந்த சோத்த எடுத்துக் கீழ போடுது பாரு."

சீனியம்மாள் என் கையை விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போனது. நானும் எட்டிப் பார்த்தேன். தாய்க் காக்கை பிள்ளைக்குத் தலை வாருவதுபோல் பருக்கை பருக்கையாக எடுத்து உதறிக்கொண்டிருந்தது. அடுத்ததாக இன்னொரு காக்கை வந்து இறங்கியது. அலகில் என்னவோ தொங்கியது. குஞ்சு இறக்கை இரண்டையும் படபடவென்று அடித்துக்கொண்டு தலையே காணாமல் போகிற அளவுக்கு வாயைத் திறந்தது. தொங்கியது உள்ளே போனது.

"என்னது அது?" என்றது சீனியம்மாள்.

"பல்லி" என்றார் அண்ணாச்சி.

அந்த அம்மா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதது.  நான் கதவில் சாய்ந்துகொண்டேன். அண்ணாச்சி குரலைத் தணித்து, சரி சரி, சாப்பிட்டாச்சுல்ல, அழாத என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பூனை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், குஞ்சைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வாசல் வழியாக வந்துவிட்டேன். சீனியம்மாள் தலை நிமிரவில்லை, என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மருந்தகத்துக்கு வந்து மணிக்கட்டில் டிஞ்சர் தடவிக்கொண்டேன். அந்தக் கேஸில் நான் உபயோகித்த மருந்து அது ஒன்றுதான்.

மறுநாளே மாடுகளுக்கு வெக்கை நோய்த் தடுப்பூசி போட மலையடிவாரக் கிராமங்களுக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. நாலு நாள். போனும் கிடையாது, ஆள் போக்குவரத்தும் கிடையாது. குஞ்சு ஒரு வேளை சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன், அவ்வளவுதான். மதில் மேல் பூனை வர எவ்வளவு நேரம் ஆகும்? மழை பெய்தால்? அண்ணாச்சி மண்டிக்குப் போயிருக்கும் நேரத்தில் நாய் புகுந்தால்? ஊசி போட்டு முடித்து உட்கார்ந்தால், நீ நல்லா இருப்பியா என்ற குரல் வந்துவிடும். சாப்பாடு இறங்கவில்லை. ஒருவர் நம் மேல் கோபமாக இருக்கிறார், அதைச் சரிசெய்ய வழியில்லை என்பது நாலு நாளிலேயே என்னை இந்தப் பாடு படுத்தியது. அந்த அம்மா எத்தனை வாரமாக இதைச் சுமந்துகொண்டு நடந்திருக்கும் என்று அங்கேதான் எனக்கு உறைத்தது.

ஐந்தாம் நாள் காலையில் மருந்தகத்தைத் திறந்து நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், தெருமுனையில் அண்ணாச்சி வருகிறார். தலையில் அதே முண்டாசு. காக்கை இன்னும் கொத்துகிறது என்றால் குஞ்சு இன்னும் பறக்கவில்லை, அல்லது செத்தே போய்விட்டது என்று நினைத்தேன். அவர் படியேறும் வரைக்கும் பொறுக்கவில்லை எனக்கு.

"குஞ்சு என்னாச்சு?"

"அதா? அது கொய்யாலருந்து ஓட்டுக்கு ஏறி, ஓட்டுலருந்து வேம்புக்குப் போயி, நேத்துப் பொழுதடைய கூட்டத்தோட பறந்திருச்சே."

"பெறகு எதுக்கு இந்த முண்டாசு?"

"என்னயத்தான் விட மாட்டேங்குதுகளே. மொத நாளு அதுகள வெரட்டக் கல்லெடுத்து எறிஞ்சுட்டேன், ஆள நெனவு வச்சிருக்குக. அவ போனா ஒண்ணும் செய்யல. அங்கன நின்னு துணி காயப்போடுறா, வேடிக்க பாத்துக்கிட்டு உக்காந்திருக்குக."

எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. எவ்வளவு நாளுக்கு அப்புறம் அப்படிச் சிரித்தேனோ தெரியாது. அவரும் சிரித்தார். ஊசி போடச் சொன்னதை மட்டும் வீட்டில் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சொல்லவில்லை. அவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிவிட்டதால்தான் இங்கே எழுதுகிறேன்.

"அக்கா எப்பிடி இருக்காக?" என்றேன்.

"அவ எங்க இங்க இருக்கா? மொத பஸ்ஸுக்குக் கடமலக்குண்டு போயிட்டா. தம்பி வீட்டுக்கு. நான் சொல்லல, யாரும் சொல்லல. அவளாக் கெளம்புனா. எனக்குத்தான் காலச் சாப்பாடு இல்ல, கிளப்புக் கடைக்குப் போய்க்கிட்டிருக்கேன்." படியில் இறங்கப் போனவர் திரும்பி நின்றார். "போறப்ப உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா. கதவ அடைச்சதுக்கு அந்தத் தம்பிமேல எனக்குக் கோவமில்லன்னு மறக்காமச் சொல்லிருங்க, சொல்லலைன்னா அந்தப் பிள்ள சாப்பிடாமக் கெடக்கும்னா."

மருந்தகத்தை உதவியாளரிடம் விட்டுவிட்டு அண்ணாச்சியோடு நானும் நடந்தேன். கிளப்புக் கடையில் எட்டு இட்லி சாப்பிட்டேன்.